தீ என்று சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு மத்தியானம் ஷோரூமிலிருந்து போன் வந்தது. “சார், உங்க வண்டிக்கு ஒரு கேம்பெய்ன் வந்திருக்கு. ஒருதடவை வந்துட்டுப் போயிடுங்க.”

கேம்பெய்ன் என்றால் எனக்குத் தெரிந்தது ஓட்டுக் கேட்டு வருவதுதான். எந்தக் கட்சி என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. “ஃப்ரீதான் சார். சின்ன செக்கப்.” தமிழ்நாட்டில் கேம்பெய்னும் ஃப்ரீயும் ஒரே மூச்சில் வந்தால் பெட்டியைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது ஐம்பது வருட அனுபவம். அதனாலேயே போனேன்.

மின்சார ஸ்கூட்டர். வாங்கி எட்டு மாதம். மெக்கானிக் தம்பி சீட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றி, வயர்க் கூட்டத்துக்குள் கையை விட்டான்.

“என்னப்பா பண்றே?”

“ஒண்ணுமில்ல சார். ஒரு கப்ளர் மாத்தறோம்.”

“ஏன்?”

“லூசா இருந்தா சூடாகும்.”

“சூடானா?”

“இன்சுலேஷன் உருகும்.”

“உருகினா?”

தம்பி கேஷ் கவுண்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். “அதெல்லாம் ரேர் கேஸ் சார்.”

எட்டு மாதமாக அந்த ரேர் கேஸ் மேல்தான் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். பின்னால் மனைவி. முன்னால் நின்றுகொண்டு பேத்தி. ஜாப் கார்டைக் கையில் கொடுத்தார்கள். “வாடிக்கையாளர் திருப்திக்கான மேம்பாடு” என்று போட்டிருந்தது. என் குடும்பம் நடுரோட்டில் வேகாமல் வீடு வந்து சேர்வது, என் திருப்திக்காக அவர்கள் கூடுதலாகச் செய்து தரும் மேம்பாடு. ரொம்ப நன்றி.

லூசான இணைப்பு சூடாகும் என்று கண்டுபிடிக்க ஐஐடி வேண்டியதில்லை. மிக்ஸி பிளக் பாயிண்டில் சரியாக உட்காரவில்லை என்றால் கருகும் வாசனை வரும். பாட்டிக்கும் தெரியும். தொடும் இடம் குறைந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் இணைப்பு இன்னும் தளரும். பழைய பெட்ரோல் வண்டியில் இதனால் லைட் மினுக்கும், ஹாரன் தொண்டை கட்டும். லித்தியம் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இதே கூத்து நடந்தால் சங்கதி வேறு. ஒரு செல் பற்றினால் பக்கத்து செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். பாட்டிக்குத் தெரிந்த இது, பல கோடி ரூபாய் முதலீடு வாங்கிய கம்பெனிகளுக்கு வண்டி விற்ற பிறகுதான் தெரிகிறது. அதுவும் யாராவது செத்த பிறகு.

2022 மார்ச் கடைசி வாரத்தை நினைவிருக்கிறதா? இருக்காது. நமக்கு எதுதான் இருக்கிறது? 25ஆம் தேதி ராத்திரி வேலூர் அல்லாபுரத்தில் ஒரு வீட்டில் புது மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தார்கள். வண்டி பற்றிக்கொண்டது. புகை வீட்டை நிறைத்தது. அப்பாவும் பதின்மூன்று வயது மகளும் மூச்சுத் திணறிச் செத்துப் போனார்கள். மறுநாள் புனேயில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஓலா எஸ்1 புரோ தானாகப் புகைந்து தானாக எரிந்தது. அடுத்து மணப்பாறை. அதற்கடுத்து சென்னை மஞ்சம்பாக்கம். நான்கு நாளில் நான்கு. ஏப்ரல் 9ஆம் தேதி நாசிக்கில் கன்டெய்னர் லாரியில் போன ஸ்கூட்டர்களில் இருபது, வாங்குபவர் கைக்குப் போய்ச் சேருமுன்பே எரிந்தன. அந்த இருபதிலும் சாவியைத் தவறாகத் திருப்பினார் என்று குற்றம் சொல்ல ஒரு வாடிக்கையாளர்கூட இல்லை. கம்பெனிக்காரர்களுக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!

புனே வண்டி எரிந்த வீடியோவை நாடே பார்த்தது. நெருப்பு, புகை, கருகிய இரும்பு. பார்த்தவர்கள் “தீ” என்றார்கள். படிக்காதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கம்பெனியின் அறிக்கை அதை “தனித்த வெப்ப நிகழ்வு” என்றது. தெர்மல் இன்சிடென்ட். ஐசோலேட்டட்.

வெப்ப நிகழ்வு! எவ்வளவு குளிர்ச்சியான சொல். இனி அடுப்படியில் சோறு தீய்ந்தால் வெப்ப நிகழ்வு. சிவகாசியில் ஆலை வெடித்தால் ஒலியுடன் கூடிய வெப்ப நிகழ்வு. கும்பகர்ணனைப் போல் தூங்கும் சோதனை முகமைகள் விழித்துக்கொண்டால் அது தனித்த விழிப்பு நிகழ்வு.

வேலூர் வண்டியைச் செய்த ஒகினாவா கம்பெனி இன்னொரு படி மேலே போனது. போலீசின் முதல்கட்டத் தகவலைக் காட்டி, சார்ஜ் செய்ததில் நேர்ந்த கவனக்குறைவால் ஷார்ட் சர்க்யூட் என்றது. ஆக, குற்றவாளி பிளக்கைச் செருகிய கை. அந்தக் கையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன ஈரம் காய்வதற்குள் இந்த அறிக்கை. மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 16ஆம் தேதி, அதே கம்பெனி 3,215 வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது. எதற்கு? பேட்டரியில் இணைப்புகள் லூசாக இருக்கின்றனவா, வேறு சேதம் இருக்கிறதா என்று பார்க்க. இலவசமாக.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மார்ச்சில் கவனக்குறைவு வாங்கியவனுடையது. ஏப்ரலில் இணைப்பு லூசு, 3,215 வண்டிகளில் தேட வேண்டியிருக்கிறது. மார்ச்சில் சொன்னதை யாராவது திரும்பக் கூப்பிட்டார்களா? வண்டிக்கு உண்டு ரீகால். பேச்சுக்குக் கிடையாது.

பின்னாலேயே பியூர் இவி 2,000 வண்டி. ஓலா 1,441. மூன்றும் சேர்த்து 6,656. எல்லாம் “முன்னெச்சரிக்கை”யாம். முன்னெச்சரிக்கை என்ற சொல்லில் “முன்” என்று ஓர் எழுத்துக்கூட்டம் இருக்கிறது. எதற்கு முன் என்று எந்தப் பத்திரிகையாளர் சந்திப்பிலும் யாரும் விளக்கவில்லை.

அரசாங்கம் சும்மா இருக்குமா? நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் நிதின் கட்காரி ஏப்ரல் 21ஆம் தேதி ட்விட்டரில் பொங்கினார். கவனக்குறைவு நிரூபணமானால் கடும் அபராதம், பழுதான வண்டிகள் எல்லாவற்றையும் திரும்பப் பெற உத்தரவு. படித்துவிட்டு நாட்டு மக்கள் கைதட்டினோம். அடுத்த சில நாட்களிலேயே அவர் இன்னொன்றும் சொன்னார். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் ஏறும்போது பேட்டரியில் சிக்கல் வருகிறது, இது வெப்பநிலைப் பிரச்சினை என்று தனக்குத் தோன்றுகிறது என்று.

அடடா. வெயிலா! இந்தியாவில் கோடையில் வெயில் அடிக்கும் என்பதை அந்த இன்ஜினியர்களிடம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா? வேலூர் வெயில் ஆற்காட்டு நவாபுக்குத் தெரியும். மத்திய சிறையில் இருப்பவனுக்குத் தெரியும். வேலூரில் வண்டி விற்க வந்தவனுக்கு மட்டும் தெரியாது. போகட்டும், வெயில் மேலேயே பழியைப் போடுவோம். ஒரே ஒரு சின்ன இடைஞ்சல். அல்லாபுரத்தில் அந்த வண்டி பற்றியது ராத்திரி.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்த நாட்டில் 2012 வரை ரீகாலுக்கு எழுதப்பட்ட முறை என்று எதுவும் இல்லை. அந்த வருடம் வாகன உற்பத்தியாளர்கள் சங்கம் தானாக முன்வந்து ஒரு தன்னார்வ நெறிமுறை வைத்துக்கொண்டது. திருடர்கள் சேர்ந்து தன்னார்வப் பூட்டு வாங்கிய மாதிரி என்று நான் சொல்ல மாட்டேன். வழக்குப் போடுவார்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 110ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 2021 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் கட்டாய ரீகால் விதிகளைக் கொண்டு வந்தார்கள். தேதியைக் கவனியுங்கள். நானாக எதையும் சேர்க்கவில்லை.

அந்த விதிப்படி, வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் ஒரு கார் வகையில், ஒரே பழுதைப் பற்றி 1,250 புகார்கள் வந்தால் கட்டாய ரீகாலுக்கான கதவு திறக்கும். ஐந்நூறுக்கு மேல் பத்தாயிரம் வரை விற்றால் 1,050. சோதனை முகமை சொல்லியும் நடவடிக்கை எடுக்கலாம், வேறு வழிகளும் சட்டத்தில் உண்டு என்பார்கள் வக்கீல்கள். உண்டுதான். கிணறு உண்டு, வாளி உண்டு, கயிறும் உண்டு. இறைக்க ஆள்தான் இல்லை. சாதாரண மனிதனுக்குக் கைக்கெட்டும் வழி புகார்தான். அந்த வழியின் வாசலில் 1,250 என்று எண் போட்ட பலகை தொங்குகிறது.

1,250. இந்த எண்ணை யார் எப்படிப் பிடித்திருப்பார்கள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கோயில் அர்ச்சனைக்கு 108, 1,008 என்று ஒரு கணக்கு இருக்கிறது. சாமிக்கே 1,008 தடவை சொன்னால் போதும். மந்திராலயத்துக்கு இன்னும் 242 தடவை கூடுதலாகச் சொல்ல வேண்டும். கீழ்ப்பாக்கத்தில் உங்கள் காரின் டேஷ்போர்டிலிருந்து புகை வந்தால் ஒன்று. கோவில்பட்டியில் வந்தால் இரண்டு. ஜபல்பூரில் மூன்று. இந்த மூன்று பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. சர்வீஸ் சென்டர் மூவரிடமும் இதே வாக்கியத்தைச் சொல்லும்: “இந்த மாதிரி கம்ப்ளெயின்ட் இதுவரைக்கும் வந்ததே இல்லை சார்.” 1,249 பேரிடம் அப்படிச் சொல்லலாம். சட்டப்படி.

வண்டிக்கு வயது ஏழுக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. சனி பகவானே பிடித்தால் ஏழரை வருடம் கூட இருக்கிறார். நம் சட்டம் ஏழோடு கைகழுவிவிடும். பழைய வண்டியைக் கைமாற்றி வாங்குகிறவன் யார்? மூன்று லட்சத்துக்கு மேல் புரட்ட முடியாதவன். வயரிங்கின் மேலுறை காய்ந்து வெடிக்கிற வயதில்தான் வண்டி அவன் கைக்கு வருகிறது. ஷோரூமில் இருப்பது முதல் சொந்தக்காரரின் போன் நம்பர். கேம்பெய்ன் என்று கூப்பிட்டாலும் “வண்டியை வித்துட்டேனே” என்று அவர் வைத்துவிடுவார். விஷயம் முடிந்தது. நடுரோட்டில் போலீஸ் நிறுத்தினால் ஆர்சி கேட்பார், இன்சூரன்ஸ் கேட்பார், புகைச் சான்றிதழ் கேட்பார். உன் வண்டி திரும்பக் கூப்பிடப்பட்ட வண்டியா, போய்ச் சரி செய்தாயா என்று கேட்க அவருக்கும் வழியில்லை, அவருடைய மெஷினுக்கும் வழியில்லை.

அபராதத்தைச் சொல்லாவிட்டால் அரசாங்கத்துக்கு அநியாயம் செய்தவனாவேன். கட்டாய ரீகால் என்று வந்துவிட்டால் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை. ஆறு லட்சத்துக்கு மேல் இரு சக்கர வண்டிகளில் பழுது என்றால் முழுசாக ஒரு கோடி. கேட்கும்போது நெஞ்சு படபடக்கிறது. ஒரு காகிதம் எடுத்து வகுத்துப் பார்த்தேன். ஒரு கோடியை ஆறு லட்சத்தால் வகுத்தால் வண்டிக்குப் பதினாறு ரூபாய் அறுபத்தாறு காசு.

பதினாறு ரூபாய். எங்கள் தெருமுனைக் கடையில் டீயும் வடையும் சாப்பிட்டால் இதற்கு மேல் ஆகிவிடும். ஹெல்மெட் போடாமல் நான் அந்தக் கடைக்குப் போனால் எனக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். அதே வண்டி எனக்குக் கீழே எரிகிற மாதிரிச் செய்து விற்றவனுக்குப் பதினாறு ரூபாய் அறுபத்தாறு காசு. மண்டையைப் பாதுகாக்காதது அறுபது மடங்கு பெரிய குற்றம். மண்டைக்குக் கீழே உள்ள பாகங்கள் அரசாங்கத்தின் அக்கறைக்குள் வரவில்லை போலும்.

இதே சட்டத்தின் இன்னொரு பிரிவில் உற்பத்தியாளருக்கு நூறு கோடி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை என்றும் இருக்கிறது. இருக்கட்டும். எங்கள் ஊர் முச்சந்தியில் சிசிடிவி கேமராகூட இருக்கிறது.

சொல்லை மாற்றிப் பிழைக்கும் வித்தை மின்சார ஸ்கூட்டரோடு வந்ததல்ல. டாடா நானோ ஞாபகம் இருக்கும். ஒரு லட்சம் ரூபாய் கார். 2010 மார்ச்சில் மும்பையில் ஷோரூமிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போகும் வழியிலேயே ஒன்று எரிந்தது. அங்கங்கே இன்னும் சில. அந்த வருடம் நவம்பரில் கம்பெனி எல்லா நானோ உரிமையாளர்களையும் கூப்பிட்டது. புகைபோக்கி, மின்சார அமைப்பு இரண்டுக்கும் கூடுதல் பாதுகாப்புப் பொருத்தித் தருகிறோம், காசு வேண்டாம் என்றது. கூடவே ஒரு விளக்கம்: இது ரீகால் இல்லை. கார் வடிவமைப்பு பத்திரமானது. பத்திரமான காருக்குக் கூடுதல் பத்திரம்.

ஆனால் இந்தக் கலையில் நம் ஆட்கள் எல்லாம் பால்வாடி. பல்கலைக்கழகம் டெட்ராய்ட்டில் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் இக்னிஷன் சுவிட்ச் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற சின்னக் கார்கள். சாவி போட்டுத் திருப்பும் சுவிட்சில் பிடிமானம் போதவில்லை. வண்டி குழியில் இறங்கினால், முட்டி பட்டால், சாவிக்கொத்து கனமாக இருந்தால் சுவிட்ச் தானாக நழுவிவிடும். ஓடும் வண்டியில் மின்சாரம் போகும். இன்ஜின் நிற்கும், ஸ்டீயரிங் இறுகும், பிரேக் கல்லாகும். எல்லாவற்றுக்கும் மேல், மோதும்போது உயிர் காக்க வேண்டிய காற்றுப்பை விரியாது. 2005லேயே இது கம்பெனிக்குள் பேசப்பட்டது. சரி செய்யும் யோசனையும் வந்தது. வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது என்று கோப்பை மூடினார்கள். எவ்வளவு கட்டுப்படியாகவில்லை என்பது 2014இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. அந்தப் பாகத்தின் விலை 57 சென்ட். நம் காசில் அன்றைக்கு முப்பத்தைந்து ரூபாய்கூட இல்லை.

அதற்குப் பதிலாக டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். சாவிக்கொத்தில் கனமான சாமான்களைத் தொங்கவிட வேண்டாம் என்று வாங்கியவர்களுக்குச் சொல்லுங்கள். நம் வீட்டு அம்மாக்கள் இடுப்பில் செருகும் சாவிக்கொத்தைப் பார்த்திருந்தால் அந்த இன்ஜினியர்கள் மயங்கி விழுந்திருப்பார்கள்.

அதைவிட அருமை 2008இல் ஊழியர்களுக்குப் பாடமாக நடத்திய ஒரு பட்டியல். பழுதைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தக் கூடாத 69 சொற்கள். “ஓடும் சவப்பெட்டி” கூடாது. “தாலியறுப்பான்” கூடாது. “மரணப் பொறி”, “டைட்டானிக்”, “நரகத் தீ” கூடாது. பைபிள் வாசனை அடிக்கும் சொல் எதுவும் கூடாது. இதெல்லாம் போகட்டும், “பிரச்சினை” கூடாது. “நிலைமை” என்று எழுதுங்கள். “பழுது” கூடாது, “வடிவமைத்தபடி செயல்படவில்லை” என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. “பாதுகாப்பு.” அதுவும் கூடாது.

எனக்கு இங்கேதான் ஒரு சந்தேகம். “தாலியறுப்பான் என்று எழுதாதீர்கள்” என்று பாடம் நடத்த வேண்டுமானால், யாரோ ஒரு மகராசன் அப்படி எழுதும் அளவுக்கு உள்ளே விஷயம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த மனிதர் யாரோ, அவர் கைக்குப் பூப்போட வேண்டும்.

கடைசியில் 2014இல் 26 லட்சம் கார்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட சாவுகள் மட்டும் 124. கம்பெனியே அமர்த்திய வக்கீல் தந்த அறிக்கையில் உள்ளே நடந்தது அம்பலமாயிற்று. கூட்டத்தில் எல்லோரும் ஒரு முடிவுக்குத் தலையாட்டுவார்கள், வெளியே வந்தால் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். அதற்கு “ஜிஎம் தலையாட்டல்” என்றே பெயர். தஞ்சாவூரில் இதையே பொம்மையாகச் செய்து விற்கிறோம், காப்புரிமை வாங்காமல் விட்டோம். கைகளைக் குறுக்கே மடித்து இரண்டு பக்கமும் விரலை நீட்டினால் “பொறுப்பு அவனுடையது” என்று பொருள். அது “ஜிஎம் சல்யூட்”.

கேட்ட கேள்விகளுக்குக் குறித்த நாளில் பதில் தராததற்காக அமெரிக்க வாகனப் பாதுகாப்பு நிர்வாகம் நாளொன்றுக்கு 7,000 டாலர் என்று கணக்குப் போட்டு 28,000 டாலர் அபராதம் போட்டது. முந்தைய வருடம் கம்பெனியின் வருமானம் 15,500 கோடி டாலர். அந்த அபராத ரசீதை யாரோ டீக்குக் கணக்கில் எழுதியிருப்பார்கள். பிறகு 90 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தார்கள். சிறைக்குப் போனவர் எத்தனை பேர் என்று கேட்கிறீர்களா? கம்பெனிக்குள்ளிருந்து ஒருவர் மேலும் தனிப்பட்ட குற்ற வழக்கே இல்லை.

குற்றவாளி ஆனவர் ஒரு பெண். டெக்சஸில் 2004இல் காரை ஓட்டிப் போனார். வண்டி மரத்தில் மோதி, பக்கத்தில் இருந்த அவருடைய வருங்காலக் கணவர் இறந்தார். கவனக்குறைவால் சாவை ஏற்படுத்தினேன் என்று 2007இல் நீதிமன்றத்தில் அவர் ஒப்புக்கொண்டார். அதே 2007இல், அந்த விபத்தில் மின்சாரம் போயிருந்தது என்பது கம்பெனிக்குள் தெரிந்திருந்தது. அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. 2014 நவம்பரில்தான் நீதிமன்றம் குற்றத்தை நீக்கியது. பத்து வருடம் தான் கொன்றதாகவே நினைத்து ஒருத்தி வாழ்ந்திருக்கிறாள்.

அல்லாபுரத்துக்கும் டெக்சஸுக்கும் எவ்வளவு தூரமோ தெரியாது. “கவனக்குறைவு” என்ற சொல் மட்டும் விசா இல்லாமல் போய் வருகிறது.

நம் ஊரில் அந்தச் சொல்லுக்குத் துணையாக எலியும் உண்டு. வயரிங் பழுது என்று வண்டியைக் கொண்டு போய்ப் பாருங்கள். முதல் கேள்வி: “எலி கடிச்சிருக்குமா சார்?” எலி இல்லையென்றால், “வெளியில ஹாரன் மாத்தினீங்களா? எல்இடி பல்பு போட்டீங்களா?” அதுவும் இல்லையென்றால் மழைத் தண்ணி. அதுவும் இல்லையென்றால் உங்கள் வீட்டு எர்த் சரியில்லை. கம்பெனிக்கு வெளியே உள்ள பிரபஞ்சம் முழுவதும் சந்தேகத்துக்குரியது. விநாயகர் வாகனம் என்றும் பார்க்காமல் எலியை வாரண்டிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் சென்னைக்கார ராயல் என்ஃபீல்ட் 2021 மே மாதம் 2,36,966 பைக்குகளைக் கூப்பிட்டது. இக்னிஷன் காயிலில் பழுது, அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட் ஆகலாம் என்று வெளியே சொல்லிக் கூப்பிட்டது. பத்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் பாகம் மாற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணையும் சொன்னது. வானம் இடிந்து விழவில்லை. புல்லட் வாங்குபவர்கள் இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாயால் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படும் கனவான்கள் ஒருமுறை திருவொற்றியூர் பக்கம் போய்விட்டு வரலாம்.

மறுபடி 2022க்கு வருகிறேன். தீ எரிந்த பிறகு பேட்டரிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கினார்கள். அக்டோபர் 1 முதல் அமல் என்றார்கள். பிறகு டிசம்பர் 1 முதல் பாதி, 2023 மார்ச் 31 முதல் மீதி என்றார்கள். இடையில், செப்டம்பர் 12ஆம் தேதி, செகந்திராபாத்தில் ஒரு ஓட்டலின் கீழ்த்தளத்தில் இருந்த மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயில் மேலே தங்கியிருந்தவர்களில் எட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் மார்ச் 31 வரை பொறுத்திருக்கலாம்.

இத்தனைக்கும் இந்த வண்டிகளுக்குப் பணம் போட்டது நாம். ஃபேம் என்ற மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு ஒதுக்கியது பத்தாயிரம் கோடி ரூபாய். 2021 ஜூனில் பேட்டரித் திறனில் ஒரு கிலோவாட் மணிக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் மானியம் என்று ஆக்கினார்கள். சாவுக்குப் பின் எந்தக் கம்பெனி எத்தனை கோடி அபராதம் கட்டியது என்று தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது. ஆனால் 2023இல் அரசாங்கம் நிஜமாகவே பாய்ந்தது. ஏழு கம்பெனிகளிடம் 469 கோடி ரூபாயைத் திருப்பித் தா என்று கேட்டது. ஒகினாவாவும் அதில் ஒன்று.

ஆகா, கடைசியில் நீதி என்று எழுந்து உட்காராதீர்கள். காரணம் தீ இல்லை. உள்நாட்டில் செய்ய வேண்டிய பாகங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டிவிட்டு மானியம் வாங்கினார்களாம். அதாவது எரிந்தது பரவாயில்லை. எரிந்த வயர் சுதேசி வயராக இருந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் மளமளவென்று, கணக்குச் சுத்தமாக, வட்டாரம் வாரியாகத் தேடிப் பிடித்து நடந்த ஒரே ரீகால் அந்த 469 கோடிக்கு நடந்த ரீகால்தான். அதற்கு 1,250 புகார் தேவைப்படவில்லை.

என் வண்டிக்குக் கப்ளர் மாற்றியாயிற்று. பழைய கப்ளரைக் கேட்டேன், தரவில்லை. கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம். வீட்டுக்குக் கொண்டுவந்து வழக்கம்போல ராத்திரி சார்ஜ் போட்டேன். இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது. பக்கத்தில் மனைவியைக் காணோம். வராந்தாவில் விளக்குப் போடாமல் வண்டிப் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலப் பேட்டரி மூடி மேல் புறங்கையை வைத்துக்கொண்டு.

“சுடுதா?”

“தெரியல. நீங்க வந்து பாருங்க.”

நானும் போய்க் கையை வைத்தேன்.

மறுநாள் ஷோரூமிலிருந்து மறுபடி போன். அதே பெண். “சார், கேம்பெய்ன் சர்வீஸ் எப்படி இருந்துச்சு? பத்துக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?”

“நேத்து ராத்திரி வண்டி எரியலம்மா. அதுக்கு எத்தனை போடலாம்?”

கீபோர்டில் ஏதோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“அந்த ஆப்ஷன் இதுல இல்லைங்க சார்.”